ஈரோட்டு மண்டிக்காரருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஈ.வெ. ராமசாமி ஐயா அவர்களுக்கு,

உங்களைத் தலைவராகக் கருதி எழுதியவர்கள் ஏராளம். மண்டியில் கணக்கெழுதிப் பிழைக்கும் நான், ஈரோட்டு வியாபாரியாகிய உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

பள்ளிப் படிப்பு நின்றதும் உங்களை வியாபாரத்தில் போட்டார்கள் என்றும், மூட்டைகளுக்கு விலாசம் போடுவதும் சரக்கை ஏலம் கூறுவதுமே வேலை என்றும் பின்னாளில் நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். எங்கள் மண்டியிலும் ஒரு பையன் சாக்கின்மேல் மை தொட்டு ஊர்ப்பெயர் எழுதுகிறான். எழுத்து நாலைந்துக்கு மேல் போனால் சணலில் மை ஊறி ஒன்றோடொன்று கலந்துவிடும். மூட்டை வேறு ஊருக்குப் போய்விடும். எவருக்கும் விளங்கும்படி நறுக்கென்று எழுதும் உங்கள் நடை அங்கேதான் கைவந்ததோ என்று அவனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

1904இல் வீட்டில் கோபித்துக்கொண்டு நீங்கள் காசிக்குப் போனதும், அங்கே சத்திரத்தில் சோறு மறுக்கப்பட்டதும் ஊரறிந்த கதை. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, நீங்கள் திரும்பிய பிறகு, கூலி வேலையில் தொடங்கிப் பெருவணிகரான வெங்கட்ட நாயக்கர் மண்டியையே உங்கள் பெயருக்கு மாற்றியதுதான். ஓடிப்போய்த் திரும்பிய மகனை நம்பி அப்படிச் செய்த தகப்பனை எங்கள் கடைத்தெருவில் நான் கண்டதில்லை.

1918இல் நகராட்சித் தலைவரான நீங்கள் ஊருக்குக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்தீர்கள்; சேலம் நகராட்சித் தலைவராயிருந்த ராஜாஜியின் நட்பும் வாய்த்தது. மறு ஆண்டே பதவியை விட்டுக் காங்கிரசில் சேர்ந்து, மண்டி முதலாளியான நீங்கள் கதர் மூட்டையைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றீர்கள். கள்ளுக்கு எதிராகத் தாதம்பட்டித் தோப்பில் உங்கள் சொந்தத் தென்னை மரங்கள் ஐந்நூற்றுக்கும் மேல் வெட்டிச் சாய்த்தீர்கள். காய்க்கிற மரத்தை வெட்டுவது எந்தக் கணக்கிலும் நட்டம்தான்.

பிற்காலத்தில் கையெழுத்துப் போடக்கூடக் காசு வாங்கினீர்கள் என்பதற்காக உங்களைக் கஞ்சர் என்றார்கள். அவர்களோடு வழக்காட எனக்கு விருப்பமில்லை. கணக்குப்பிள்ளை என்ற முறையில் ஒன்றை மட்டும் கேட்கிறேன், ஐயா: மரங்கள் விழுந்த அன்று இரவு, அந்த ஐந்நூறையும் பேரேட்டில் யார் பெயரில் பற்று எழுதினீர்கள்?

இப்படிக்கு,
ஒரு மண்டிக் கணக்குப்பிள்ளை