வவுச்சரில் கையெழுத்திட்டால் கணக்கு முடிந்துவிடுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

வெள்ளத்தில் சரக்கு நனைந்த கடைக்காரரிடமும் தீயில் ஆலையை இழந்தவரிடமும் காப்பீட்டு நிறுவனம் கடைசியில் நீட்டுவது டிஸ்சார்ஜ் வவுச்சர். 'முழு மற்றும் இறுதித் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்; இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்' என்று அதில் அச்சடித்தே இருக்கும். ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்துப் போட்டதோடு, மீதியைக் கேட்க வழியில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அது தவறு. 'மிரட்டி வாங்கினார்கள்' என்று பிறகு ஒரு வரி எழுதினால் போதும் என்று நினைப்பதும் அதே அளவு தவறு.

வர வேண்டியதில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 63-வது பிரிவு இடம் தருகிறது. விட்டுக்கொடுத்தது மனமுவந்துதானா என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கிறது. வவுச்சரில் கையெழுத்து இருப்பதால் மட்டுமே நுகர்வோர் வழக்கு அடிபடாது. ஆனால் மோசடி, நிர்ப்பந்தம் போன்ற ஏதேனும் ஒன்றைக் காட்டியாக வேண்டும் என்று 1999-ல் அஜ்மேர் சிங் காட்டன் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

2008-ல் வந்த உச்ச நீதிமன்றத்தின் போகாரா பாலிஃபேப் தீர்ப்புதான் இதில் அடிப்படை. அதிலுள்ள உதாரணங்களை ஒவ்வொரு வியாபாரியும் படிக்கலாம். ஒப்பந்ததாரர் 10 லட்சம் கேட்கிறார். எதிர்த்தரப்பு 6 லட்சத்தை ஒப்புக்கொள்கிறது. ஆனால் 'முழுத் தீர்வு' என்று எழுதித் தந்தால்தான் அந்த 6 லட்சமும் வரும் என்கிறது. பண நெருக்கடியில் அவர் எழுதித் தருகிறார். அது செல்லாது. மாறாக, பெருந்தொகை கேட்டவர் வழக்குக்கு அலைய வேண்டாமென்று தாமே தொகையைக் குறைத்துக்கொண்டு தீர்வு கேட்டால், அவருக்கு எவ்வளவு பணமுடை இருந்திருந்தாலும் அது அவருடைய முடிவுதான். அங்கே கட்டாயம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

பெரும்பாலோர் தோற்பது ஆதாரத்தில்தான். 2014-ல் ஜீனஸ் பவர் வழக்கில், கையெழுத்திட்ட பிறகு சுமார் மூன்று வாரம் எதிர்ப்பே தெரிவிக்காததையும், கட்டாயம் என்ற புகாருக்கு விவரமே தராததையும் சுட்டி, நீதிமன்றம் காப்பீட்டு நிறுவனத்தின் பக்கம் நின்றது. கையெழுத்துக்கு மேலே 'எதிர்ப்புடன், மீதித் தொகைக்கான உரிமையை விடாமல்' என்று கைப்பட எழுதுங்கள். அதை ஏற்க மறுத்தால், அன்றைக்கே மின்னஞ்சலும் ஒப்புகையுடன் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். கிளெய்ம் எண், சர்வேயர் மதிப்பிட்ட தொகை, தர முன்வந்த தொகை, வவுச்சர் இல்லாமல் பணம் வராது என்று சொன்னவர் யார், என்றைக்கு என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். தேதி போடாத வவுச்சரைக் கேட்டால் அதையும் குறிப்பிடுங்கள். வவுச்சருக்குப் பல நாள் கழித்து வங்கியில் பணம் வரவானால், கையெழுத்தை முதலில் வாங்கிக்கொண்டுதான் பணம் தந்தார்கள் என்பதற்கு அது பின்னால் நல்ல சாட்சியாகும்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ., 2015 செப்டம்பர் 24 தேதியிட்ட சுற்றறிக்கையில், பொறுப்பும் தொகையும் உறுதியான பிறகு பணத்தை நிறுத்திவைக்கக் கூடாது, இத்தகைய வவுச்சர் கூடுதல் இழப்பீடு கேட்கும் உரிமையைப் பறிக்காது என்று தெளிவாகவே சொல்லிவிட்டது. அந்தச் சுற்றறிக்கையின் தேதியையும் கடிதத்தில் சேருங்கள். தகராறை நடுவரிடம் விட வேண்டும் என்ற நடுவர் தீர்ப்பாய (ஆர்பிட்ரேஷன்) நிபந்தனை பாலிசியில் இருந்தால், தீர்வு உண்மையானதா என்பதை நடுவரே முடிவு செய்வார். வவுச்சரைக் காட்டி அந்த வழியை அடைக்க முடியாது என்று 2024 ஜூலையில் கிரிஷ் ஸ்பின்னிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் பொதுவாக இரண்டு ஆண்டுக் கெடு. பேச்சுவார்த்தை நடக்கிறது என்று காத்திருந்து அதைத் தவறவிடாதீர்கள்.

இதையெல்லாம் லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) சமரசத்துக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம். அங்கே பிறக்கும் அவார்டு (தீர்வு உத்தரவு) சிவில் நீதிமன்ற டிக்ரிக்குச் (தீர்ப்பாணைக்கு) சமம், அதன் மீது அப்பீல் கிடையாது. மிகக் குறுகிய காரணங்களுக்காக உயர் நீதிமன்றத்தில் ரிட் மட்டுமே போடலாம். விபத்து வழக்கில் தொகை குறைவு என்று தோன்றினால், சமரசப் பத்திரத்தில் கையெழுத்திடும் முன்பே மறுத்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர்,
மதுரை.