லோட்ஸ் என்று நீ எழுதிவைத்த பெயர்

பாளையங்கோட்டை,
செவ்வாய்க்கிழமை இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன வாரம் போனில் நீ சொன்னதை நான் முழுசாகக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. மாப்பிள்ளைக்கு உதவிப் பேராசிரியர் வேலை உறுதியாகிவிட்டது என்ற சந்தோஷத்தில் மற்றதெல்லாம் அடிபட்டுப்போயிற்று. படுத்த பிறகுதான் உனக்கு என்ன கிடைத்தது என்று யோசித்தேன். அதே துறையில் லெக்சரர். வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்தம். பாடம் நடத்தலாம், ஆராய்ச்சி மாணவர்களையும் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் பேராசிரியர் வரிசையில் சேராது. “வேலைதானேம்மா முக்கியம், பேர்ல என்ன இருக்கு” என்றாய். அதே வார்த்தையை நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் தூக்கம் வரவில்லை.

மறுநாள் உன் பீரோவை ஒழித்தேன். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் நீ எழுதிய நோட்டுகளில் கரையான் ஏறிவிடுமோ என்று ஒரு பயம். ஏரோடைனமிக்ஸ் நோட்டில் இறக்கைக் கணக்கு ஒன்றின் ஓரத்தில் சிவப்பு மையில் “லோட்ஸ் முறை” என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தாய். யாரோ ஒரு ஜெர்மன்காரர் என்று நினைத்துக்கொண்டு கணக்கைப் பார்த்தேன். சைன் தொடர் என்றால் எனக்குக் கை சும்மா இருக்காது, உனக்குத் தெரியும். அப்புறம் அந்த லோட்ஸ் யார் என்று தேடினேன். பெண், பாப்பா. முழுப்பெயர் இர்ம்கார்ட் லோட்ஸ். கல்யாணத்துக்குப் பிறகு இர்ம்கார்ட் ஃப்ளூகே-லோட்ஸ். நாலு நாளாக அவரைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

1903-ல் ஜெர்மனியில் ஹாமெல்ன் என்ற ஊரில் பிறந்தவர். முதல் உலகப் போரில் அப்பாவைப் பட்டாளத்துக்கு எடுத்துக்கொள்ள, பள்ளியில் படித்துக்கொண்டே மற்ற பிள்ளைகளுக்குக் கணக்கும் லத்தீனும் சொல்லிக்கொடுத்து வீட்டுக்கு உதவியிருக்கிறார். ஹானோவர் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தபோது பல வகுப்புகளில் அவர் ஒருவர்தான் பெண். 1929-ல் டாக்டர் பட்டம். உடனே கோட்டிங்கனில், லுட்விக் பிராண்டில் என்ற பெரிய காற்றியக்க விஞ்ஞானி இருந்த ஆய்வு நிலையத்தில் வேலை.

அங்கே அவர் செய்ததுதான் உன் நோட்டில் இருக்கிறது. இறக்கையின் நீளவாட்டில் எந்த இடத்தில் எவ்வளவு தூக்குவிசை வருகிறது என்பதற்கு பிராண்டில் முதல் உலகப் போர்க் காலத்திலேயே ஒரு சமன்பாடு கொடுத்திருந்தார். நீள்வட்டமாகப் பரவுகிற தூக்குவிசைக்கு அது அழகாக விடை தரும். செவ்வகம், முனை குறுகிய இறக்கை என்று போனால் கணக்கு இழுத்துக்கொண்டே போகும். இர்ம்கார்ட் 1931-ல் என்ன செய்தார் என்றால், தூக்குவிசையை மட்டுமல்லாமல் இறக்கையின் அகலம், அது காற்றைச் சந்திக்கிற கோணம் இவற்றையும் ஃபூரியர் தொடர்களாக, அதாவது சைன், கொசைன் அலைகளின் கூட்டலாக எழுதினார். இரண்டு பக்கத்துக் கெழுக்களையும், அதாவது அந்த அலைகளைப் பெருக்குகிற எண்களையும், சமப்படுத்தினால் சாதாரண நேரியல் சமன்பாடுகள் கிடைக்கும். பொறியாளர் ஒருவர் மேசையில் உட்கார்ந்து தீர்த்துவிடலாம். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் இது எவ்வளவு பெரிய உதவி என்று லாகரிதம் புத்தகத்தை வைத்துக்கொண்டு படித்த எனக்குத் தெரியும். அப்போது அவருக்கு 27, 28 வயதுதான். உன்னைவிடச் சின்னவர்.

1938-ல் வில்ஹெல்ம் ஃப்ளூகே என்ற பொறியாளரைக் கல்யாணம் செய்துகொண்டார். வில்ஹெல்முக்கு நாஜிகளைப் பிடிக்காது, அதனால் பல்கலைக்கழகத்தில் மேலே போக வழியில்லை. இவர் பெண், இவருக்கும் வழியில்லை. இருவரும் பெர்லினில் விமான ஆய்வு நிலையத்துக்குப் போனார்கள். அது அந்த அரசின் நிலையம். அங்கே செய்த வேலை போருக்குத்தான் போயிருக்கும். அதை மறைத்துவிட்டு அவரை உனக்குக் காட்ட எனக்கு மனசில்லை.

அங்கேதான் அவர் இன்னொரு துறையில் இறங்கினார். நம் மொட்டை மாடித் தொட்டிக்கு அப்பா ஆட்டோமேட்டிக் ஸ்விட்ச் போட்டாரே, தண்ணீர் இறங்கினால் மோட்டார் ஓடும், நிரம்பினால் நிற்கும். நடுவில் பாதி வேகம் என்று ஒன்று கிடையாது. பறக்கிற ஒன்றை அதே மாதிரி முழுசாகத் தள்ளு அல்லது விடு என்ற இரண்டே கட்டளைகளை வைத்து நேராகப் பறக்கவைக்க முடியுமா என்பதுதான் கேள்வி. கருவி எளியது, விலை குறைவு. ஆனால் ஒவ்வொரு முறை ஸ்விட்ச் மாறும்போதும் சமன்பாடு உடைகிறது. ஸ்விட்ச் கொஞ்சம் தாமதமாக மாறினாலும் எல்லாம் நடுங்க ஆரம்பிக்கும். இதைக் கணக்கில் பிடித்துக் காட்டினார். அதன் பலன் 1953-ல் புத்தகமாகவே வந்தது.

போர் முடிந்து, 1947-ல் பாரிஸில் பிரெஞ்சு அரசின் விமான ஆய்வு நிலையம், 1948-ல் அமெரிக்கா. இனிமேல்தான் உன் கதை.

ஸ்டான்ஃபோர்டில் வில்ஹெல்ம் பேராசிரியர். கணவனும் மனைவியும் ஒரே துறையில் பேராசிரியராக இருக்கக்கூடாது என்று அங்கே விதி. அதனால் இர்ம்கார்ட் லெக்சரர். இறக்கையை ஒட்டி ஓடுகிற மெல்லிய காற்றுப் படலமான எல்லைப் படலம் பற்றிப் பாடம் எடுத்தார், வாரா வாரம் கருத்தரங்கு நடத்தினார், முனைவர் பட்ட மாணவர்களுக்கு வழிகாட்டினார். மாணவர்களைப் பொறுத்தவரை அவர் பேராசிரியர்தான். காகிதத்தில் மட்டும் இல்லை. இப்படியே ஏறக்குறைய 12 வருடம்.

1960-ல் மாஸ்கோவில் தானியங்கிக் கட்டுப்பாட்டுக்கான முதல் சர்வதேச மாநாடு நடந்தது. அமெரிக்காவிலிருந்து போன குழுவில் இவர் ஒருவர்தான் பெண். வெளிநாட்டு அறிஞர்கள் தேடி வந்து பேசுகிற ஒருவர் சொந்த ஊரில் வெறும் லெக்சரர் என்பது அப்போதுதான் பல்கலைக்கழகத்துக்கு உறைத்தது. திரும்பி வந்த பிறகு இரண்டு துறைகளில் சேர்த்து முழுப் பேராசிரியர் ஆக்கினார்கள். ஸ்டான்ஃபோர்டின் பொறியியல் பிரிவில் முதல் பெண் பேராசிரியர். விதியா மாறியது? பார்த்தவர்களின் கண்தான் மாறியது. அறுபதை நெருங்குகிற வயதில் கிடைத்ததை 1968-ல் ஓய்வு பெறும்வரை அனுபவித்தார். அதன் பிறகும் மூட்டுவாதத்தோடு செயற்கைக்கோள் கட்டுப்பாடு பற்றி வேலை செய்தார். 1970-ல் அமெரிக்க விமான, விண்வெளிப் பொறியாளர் சங்கம் அவரை ஃபெல்லோ ஆக்கியது. பெண்களில் அவர்தான் முதல். 1974-ல் இறந்துபோனார்.

படிக்கிறவர்களெல்லாம் அவருடைய பொறுமையைப் புகழ்கிறார்கள். எனக்கு அந்த 12 வருடம்தான் உறுத்திக்கொண்டே இருக்கிறது. மாஸ்கோவுக்கு அவர் போகாமல் இருந்திருந்தால்?

இப்போது என் கதை. உனக்கு ஆறு வயது இருக்கும். பிளஸ் டூ கணக்கு எடுத்த சார் ஓய்வு பெற்றார். நான் எம்.எஸ்ஸி., பி.எட். முடித்திருந்தும் பத்தாம் வகுப்பு வரை எடுக்கிற பி.டி. போஸ்டில்தான் இருந்தேன். “கொஞ்ச நாள் பார்த்துக்கோங்க டீச்சர்” என்றார்கள். அந்தக் கொஞ்ச நாள் 9 வருடம் ஆயிற்று. மார்ச் மாதம் வந்தால் விடிகாலையில் ஸ்பெஷல் கிளாஸ், நீ பாதித் தூக்கத்தில் என் கூடவே வந்து கடைசி பெஞ்சில் படுத்துக்கொள்வாய். கடைசியில் பிளஸ் டூ எடுக்கிற அந்த பி.ஜி. போஸ்டுக்கு வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து போட்டார்கள். அப்பா மனு எழுதிக் கொடுக்கச் சொன்னார். “பிள்ளைகள் நல்ல மார்க் வாங்குதுங்க, அது போதும், பேர்ல என்ன இருக்கு” என்றேன். பிள்ளைகள் வாங்கினார்கள், அது நிஜம். ஆனால் நான் கேட்கவே இல்லை என்பதும் நிஜம். கேட்டு இல்லை என்றிருந்தால் அது அவர்கள் கணக்கு. கேட்காமல் விட்டது என் கணக்கு, இன்னும் அதை என்னால் நேர் செய்ய முடியவில்லை.

அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேள், பாப்பா. போனில் வேண்டாம், எழுத்தில் கேள். உன்னிடம் ஆராய்ச்சி செய்கிற மாணவனின் ஆய்வேட்டில் வழிகாட்டி என்று உன் பெயர் போகுமா, வேறு யாராவது கையெழுத்துப் போடுவார்களா? நிதிக்கு உன் பெயரிலேயே விண்ணப்பிக்கலாமா? பேராசிரியர் வரிசைக்கு உன்னை எந்த வருடம் பரிசீலிப்பார்கள்? இது கடைசியில் இருக்கிறதே என்று விட்டுவிடாதே, எனக்கு இதுதான் முக்கியம். மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. அவர் நல்ல பிள்ளை, அவருடைய சந்தோஷத்தில் எனக்குக் குறை இல்லை. நீ கேட்பதை அவருக்கு எதிராகக் கேட்பதாக அவர் எடுத்துக்கொள்ள மாட்டார். முடிந்தால் அவரும் தன் பங்குக்குத் துறைத்தலைவரிடம் பேசட்டும்.

அவர்கள் முடியாது என்று சொல்லி, அதற்குப் பிறகும் யோசித்து நீ சேர்வதாக இருந்தால், சரி, சேர். நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

நார்த்தங்காய் ஊறுகாயும் பருப்புப்பொடியும் பார்சலில் வருகின்றன. நோட்டை அனுப்பவில்லை, எனக்கு வேண்டும். செவ்வக இறக்கைக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரட்டைப்படைக் கெழுக்கள் பூஜ்ஜியம் ஆவது புரிந்துவிட்டது, இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கிற இறக்கைக்கு அப்படித்தான் வரும். ஆனால் மூன்றாவது கெழு ஏ3 உன் விடையோடு ஒத்துவரவில்லை. மூன்று தடவை போட்டுவிட்டேன். தப்பு உன்னுடையதா என்னுடையதா என்று ஞாயிற்றுக்கிழமை பார்ப்போம். பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்.

அன்புடன்,
அம்மா