நீ நின்றால் போதும் என்று சொன்னவன் எழுதுவது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். சம்பா நடவு முடிந்து முதல் களையும் எடுத்தாயிற்று. பாமணியாற்றில் கரை தொட்டுத் தண்ணீர் போகிறது. கார்த்திகை மழை அளவோடு நின்றால் தை அறுப்புக்கு நீயும் மாப்பிள்ளையும் வரலாம்.

போன வாரம் போனில் ஒன்று சொல்லிச் சிரித்தாய். உங்கள் வார்டு அடுத்த முறை பெண்களுக்கு வரும் போலிருக்கிறது என்று கட்சிக்காரர்கள் நாலு பேர் வீடு தேடி வந்தார்களாம். கவுன்சிலர் தேர்தலில் உன்னை நிறுத்தலாமா என்று மாப்பிள்ளையிடம் கேட்டார்களாம். நீ அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தாயாம். அவர்கள் போனதும் மாப்பிள்ளை, "நீ நின்னா போதும், மத்ததை எல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்றாராம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டவர் இல்லை என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். டவர் இருந்தது.

அதே வாக்கியத்தை 1996இல் நான் உன் அம்மாவிடம் சொன்னேன். ஓர் எழுத்து மாறவில்லை.

உனக்கு அப்போது ஆறு வயது, நினைவிருக்காது. அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்திருந்தது. ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு. தலைவர் பதவியிலும் அப்படியே. அந்தச் சட்டப்படி தமிழ்நாட்டில் நடந்த முதல் உள்ளாட்சித் தேர்தல் 1996 அக்டோபரில். நம் ஊராட்சி பெண்களுக்குப் போய்விட்டது. நானோ அந்தப் பதவிக்காக மூன்று வருஷமாக ஊரில் ஒரு கல்யாணம் காதுகுத்து விடாமல் மொய் எழுதி வைத்திருந்தவன். வேறு வழி? உன் அம்மாவை நிறுத்தினேன். பூட்டு சாவிச் சின்னம். நோட்டீஸில் என் பெயர் பெரிய எழுத்தில், "அவர்களின் துணைவியார்" என்று அதற்குக் கீழே, அவள் பெயர் கடைசியில். ஓட்டுக் கேட்கப் போன இடத்தில் கும்பிட்டது அவள், பேசியது நான்.

ஜெயித்தாள். நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். அலுவலகத்துக்கு வந்தவர்கள் என்னைத்தான் "தலைவரே" என்றார்கள். நானும் திரும்பிப் பார்த்தேன். அதைவிட மோசமான ஒன்றும் செய்தேன். தீர்மானப் புத்தகத்தில் எழுதாத பக்கங்களில் அவளிடம் வரிசையாகக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வேன். பிறகு எனக்குத் தோன்றியதை மேலே எழுதச் சொல்வேன். அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து போட்டுக் கொடுப்பாள். எதற்கு என்று ஒரு நாள் கேட்டாள். "உனக்குப் புரியாது" என்றேன். பத்தாவது வரை படித்தவள் அவள். நான் ஒன்பதாவது.

பெண்ணின் கையெழுத்தை அப்படி வாங்குவது எனக்குப் புதிதும் இல்லை. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் உன் தாத்தா இறந்தபோது சின்ன அத்தையை ரெஜிஸ்டர் ஆபீசுக்கு அழைத்துப்போய், சொத்தில் பங்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியிருந்தேன். பரம்பரைச் சொத்தில் பெண்ணுக்கும் பிள்ளைக்குச் சமமான பங்கு என்று தமிழ்நாட்டில் 1989இலேயே சட்டம் வந்துவிட்டது. அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்குத்தான் கிடையாது. அத்தைக்குக் கல்யாணம் 1991இல். டெல்லியில் சட்டத்தைத் திருத்தியது 2005இல்தான். நாம் பதினாறு வருஷம் முன்னே என்று மேடையில் பெருமையாகப் பேசலாம், நானே பேசியிருக்கிறேன். ஆனால் சட்டம் கொடுத்ததை ஒரு பட்டுப்புடவைக்கு நான் எழுதி வாங்கிக்கொண்டேன். அத்தை இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேவலை.

சரி, அம்மா கதைக்கு வருகிறேன்.

இரண்டாவது வருஷம் ஒன்றிய அலுவலகத்தில் பெண் தலைவர்களுக்குப் பயிற்சி வைத்தார்கள். நானும் போனேன், என்னைப் போலவே முப்பது கணவன்மார் வந்திருந்தார்கள். பாடம் எடுக்க வந்த டீச்சரம்மா எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தலைவர்கள் மட்டும் உள்ளே இருக்கட்டும்" என்றார். சாயங்காலம் வரை எதிர் டீக்கடையில் உட்கார்ந்து ஊர் நியாயம் பேசினோம். திரும்பும்போது பஸ்ஸில் உன் அம்மா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை ஊராட்சி எழுத்தரை வீட்டுக்கு வரச் சொல்லி, வரவு செலவுப் பதிவேட்டை வாங்கித் திண்ணையில் விரித்து வைத்துப் படித்தாள். மூன்று நாள் படித்தாள். அந்த மூன்று நாளும் குழம்பில் உப்பு இல்லை.

அந்தக் கோடையில் கொஞ்சம் பணம் வந்தது. நம் வீட்டு வாசலிலிருந்து களத்துமேடு வரை கப்பி ரோடு போடுவது என்று நானும் துணைத்தலைவரும் முடிவு செய்தோம். ஊராட்சிக் காசோலையில் தலைவர், துணைத்தலைவர் இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். அவர் போட்டுவிட்டார். நான் காசோலையை அம்மாவிடம் நீட்டினேன். அவள் கை துடைக்கவில்லை. "தெற்குத் தெருவுல இருக்கிறது ஒரே அடி பைப்பு, அதுவும் உப்புத் தண்ணி. பொம்பளைங்க வரப்புமேல அரை மைல் நடந்து குடம் தூக்குறாங்க. நடவுல என் பக்கத்துல நிக்கிறவங்க அவங்கதான். ரோட்டுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றாள்.

நான் கத்தினேன். துணைத்தலைவர் வந்து சமாதானம் பேசினார். பிறகு அவரும் கத்தினார். ஆகஸ்ட் 15 கிராம சபையில் அவள் எழுந்து நின்று, பதிவேட்டைப் பார்த்து எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது என்று படித்தாள். ஊரில் அதுவரை யாரும் கணக்கைச் சத்தமாகப் படித்துக் கேட்டதில்லை. தெற்குத் தெருப் பெண்கள் வழக்கம்போல ஓரமாகத்தான் நின்றார்கள். ஆனால் கை தூக்கினார்கள். அந்த வருஷமே ஆழமாகத் துளை போட்டு இரண்டு அடி பைப்பு வந்தது. துணைத்தலைவர் அடுத்த ஆறு மாதம் எந்தக் காசோலையிலும் கையெழுத்துப் போடாமல் பழி தீர்த்துக்கொண்டார். அதற்கும் அவள் கலெக்டர் ஆபீஸ் வரை பஸ் ஏறினாள், என்னை அழைக்காமல்.

மீதி மூன்று வருஷம் நான் வீட்டில் மாடு பார்த்துக்கொண்டேன். நம்புவாயா? அந்த மூன்று வருஷத்தில்தான் உனக்குத் தலை பின்னிவிடக் கற்றுக்கொண்டேன்.

இட ஒதுக்கீடு வந்தால் புருஷன்தான் ஆளுவான், எதற்கு இந்தக் கூத்து என்று டீக்கடையில் இன்றும் பேசுகிறார்கள். ஆண்ட புருஷன் நான் சொல்கிறேன்: ஒதுக்கீடு இல்லாவிட்டால் அந்தக் காசோலை அவள் கைக்கே வந்திருக்காது. மாட்டேன் என்று சொல்லவும் ஒரு காகிதம் வேண்டியிருக்கிறது.

நம் பக்கத்தில் பெண்கள் பொதுவில் நின்றது சட்டம் வந்த பிறகுதான் என்று நினைத்துவிடாதே. மணலூர் மணியம்மையைத் தன் சின்ன வயதில் பார்த்ததாக அப்பாயி சொல்லும். சின்ன வயதிலேயே கணவரை இழந்த அக்ரகாரத்துப் பெண். கிராப்பு வெட்டிக்கொண்டு, வேட்டியும் ஜிப்பாவும் போட்டுக்கொண்டு, சேரிக்குள் போய்ச் சங்கம் கட்டியவர். பண்ணையாட்களுக்குச் சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனையாக இருந்த காலம் அது. 1953இல் மான் முட்டி இறந்துபோனார். "ஆம்பளை மாதிரி இருந்துச்சு, ஆனா அம்மா மாதிரி பேசுச்சு" என்பது அப்பாயியின் விவரிப்பு.

இன்னொரு கணக்கு சொல்கிறேன். நாடாளுமன்றத்திலும் சட்டமன்றத்திலும் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று முதல் மசோதா மக்களவைக்கு வந்தது 1996 செப்டம்பரில். உன் அம்மா ஜெயித்ததற்கு ஒரு மாதம் முன்பு. பிறகு வந்த ஒரு மசோதாவை 2010இல் மாநிலங்களவை நிறைவேற்றியது. மக்களவையில் ஓட்டுக்கே வராமல் 2014இல் காலாவதியானது. 2023 செப்டம்பரில் ஒருவழியாக 454 பேர் ஆதரவு, 2 பேர் எதிர்ப்பு என்று 106ஆவது திருத்தம் நிறைவேறியது. அதிலும் மக்கள்தொகைக் கணக்கெடுத்து, தொகுதி மறுவரையறை செய்த பிறகே நடைமுறை என்று எழுதிவிட்டார்கள். வரப்புத் தகராறில் சர்வேயர் வரட்டும் என்று சொல்வோமே, அந்த மாதிரி.

நம் மாநிலத்தை மட்டும் என்ன சொல்ல? உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் போட்டோம். நம் பக்கத்தில் ஊராட்சித் தேர்தலோ 2019 டிசம்பரில்தான் நடந்தது. அவர்கள் பதவிக்காலமும் 2025 ஜனவரியில் முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர் கைக்குப் போயின. ஐம்பது சதவீதம் காகிதத்தில் பத்திரமாக இருக்கிறது. 2021இல் சட்டமன்றத்துக்குப் போன 234 பேரில் பெண்கள் 12 பேர். அங்கே ஒதுக்கீடு இல்லை, அவ்வளவுதான் விஷயம். ஒதுக்காத இடத்துக்குப் பெண் பெயர் எந்தக் கட்சிக்கும் ஞாபகம் வருவதில்லை.

அதனால் நில். ஆனால் அந்த நாலு பேரையும் மறுபடி வரச் சொல். இந்த முறை டீயை மாப்பிள்ளை போடட்டும், பேச்சை நீ பேசு. கவுன்சிலருக்குக் காசோலை கிடையாது, ஆனாலும் தீர்மானம் உண்டு. படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே. நோட்டீஸில் உன் பெயரை முதலில் போடச் சொல். இதெல்லாம் மாப்பிள்ளைக்கு வருத்தமாக இருந்தால், இந்தக் கடிதத்தை அவரிடம் கொடு. அவர் நல்லவர்தான். நானும் நல்லவன்தான்.

அப்புறம், சின்ன அத்தைக்கு மேலக்கரை வயலில் அரை வேலி நிலத்தை எழுதிவைக்க ஏற்பாடு செய்திருக்கிறேன். உன் அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே, நானே சொல்லிக்கொள்கிறேன். உன் பங்கைப் பற்றி நேரில் பேசுவோம்.

அம்மாவுக்குத் தெரியாமல் அனுப்பத்தான் இதை எழுத ஆரம்பித்தேன். பாதியில் மனசு கேட்கவில்லை, காட்டிவிட்டேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தாள். "எல்லாம் சரி. அந்த அடி பைப்புக்கு மூணு தடவை கைப்பிடி மாத்தினேன், அதை ஏன் எழுதல?" என்றாள்.

எழுதிவிட்டேன்.

அன்புடன்,
அப்பா