நான்கு மாதத்தில் நின்றுபோன மாற்று இன்ஜின்: புகார் கடிதம்

அனுப்புநர்:
வண்டி உரிமையாளர்,
சத்தியமங்கலம், ஈரோடு மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர்,
இன்ஜின் ரீகண்டிஷன் பிரிவு,
கோயம்புத்தூர்.

நாள்: 10.11.2025

பொருள்: 16.05.2025 அன்று தாங்கள் மாற்றிக் கொடுத்த டீசல் இன்ஜின் 7,840 கிலோமீட்டரில் பழுதானது, இன்ஜினுக்கு உரிய ஆவணம் தராதது, வாரண்டியை மறுத்தது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். என் வண்டி 2011 ஆகஸ்டில் பதிவான ஏழு சீட் டீசல் வண்டி. நிலம் தாளவாடியில், குடும்பம் சத்தியில். வாரத்துக்கு இரண்டு முறையாவது பண்ணாரி தாண்டி திம்பம் ஏறி இறங்க வேண்டும். முட்டைக்கோஸ் நாற்று, உர மூட்டை, சில நாள் ஆட்கள், எல்லாம் இந்த வண்டியில்தான் போகும். 14 வருடத்தில் பாடியில் துரு கிடையாது, சேசிஸ் உறுதியாக இருக்கிறது. அதனால்தான் மார்ச் மாதம் இன்ஜின் போனபோது வண்டியை விற்காமல் இன்ஜினை மாற்றலாம் என்று முடிவு செய்தேன். புது வண்டி எடுக்கிற வசதி எனக்கு இல்லை என்பதும் உண்மை.

பழைய இன்ஜின் போனதற்கு நான் உங்களைக் குறை சொல்லவில்லை. பத்தாயிரம் கிலோமீட்டரில் மாற்ற வேண்டிய ஆயிலை அறுவடை நேரத்தில் பதினாலாயிரம் வரை ஓட்டியது என் தவறு. சம்ப்பில் (இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியில்) கசடு சேர்ந்து, ஆயிலை உறிஞ்சும் இடத்திலுள்ள ஸ்டிரெய்னர் வலையை அடைத்து, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடின் பேரிங் பிடித்து, ராடு இன்ஜின் பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. பிளாக்கில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. அதை வைத்து சிலிண்டரைக் கடைந்து போர் போட்டு, உள்ளே லைனர் குழாய் இறக்கி ஓட்டுவதற்கு வழியில்லை என்று நீங்களே காட்டினீர்கள். ஷோரூமில் புது ஹாஃப் இன்ஜினுக்கே (ஹெட் இல்லாத கீழ்ப்பாதிக்கே) மூன்றரை லட்சம் கேட்டார்கள். உங்களிடம் ஃபுல் இன்ஜின், ராடுகள் சுற்றுகிற கிராங்க் தண்டைக் கிரைண்டிங் செய்தது, புது பேரிங், புது பிஸ்டன் செட், ஹெட் ஃபேசிங் முடித்தது, எல்லாம் சேர்த்து 1,95,000 ரூபாய் என்றீர்கள். ஒரு வருடம் அல்லது 20,000 கிலோமீட்டர், எது முந்தியோ அதுவரை வாரண்டி என்று அட்டையில் எழுதி முத்திரை போட்டுக் கொடுத்தீர்கள். அந்த அட்டை என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

வண்டியை எடுத்து ஒன்றரை மாதம் போல ஆனபோது, ஜூலை முதல் வாரத்தில், சூடான இன்ஜின் ஐடிலில் நிற்கும்போது ஆயில் லைட் மினுக்க ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தால் அணைந்துவிடும். ஒருமுறை இன்ஜினைத் தொலைத்தவன் என்பதால் எனக்கு அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாமல் மறுநாள் காலையிலேயே கோவைக்கு ஓட்டி வந்தேன். உங்கள் சூப்பர்வைசர் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்கண்ணா, சென்சார் வேலை. பயப்படாம ஓட்டுங்க" என்றார். சென்சாரை மாற்றினார், 850 ரூபாய் வாங்கிக்கொண்டார். கேஜ் (அழுத்தம் காட்டும் மீட்டர்) போட்டு ஆயில் பிரஷரைப் பார்த்துவிடுங்களேன் என்று நான் கேட்டேன். சென்சார் இருந்த அதே துளையில் கேஜை மாட்டினால் பத்து நிமிட வேலை. "அதுக்கெல்லாம் அவசியமில்லீங்கண்ணா" என்று அனுப்பிவிட்டார். நான் இந்தக் கடிதத்தை எழுதுவதற்கு முதல் காரணம் அந்தப் பத்து நிமிடம்தான். அன்றைக்கு கேஜ் போட்டிருந்தால் பேரிங் செட்டை மாற்றுவதோடு முடிந்திருக்கும். கிராங்க் தப்பித்திருக்கும்.

செப்டம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை மாலை. என் மனைவி, அம்மா, இரண்டு பிள்ளைகளோடு தாளவாடிக்குக் கிளம்பினேன். திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் என்பது உங்களுக்கும் தெரியும். இருபதாவது வளைவை செகண்ட் கியரில் திருப்பும்போது அடியிலிருந்து 'டொக் டொக்' என்று சத்தம். ஓரம் கட்டுவதற்குள் இன்ஜின் தானாகவே நின்றுவிட்டது, திரும்ப சுற்றவே இல்லை. புலிகள் காப்பகத்துக்குள், யானை கடக்கிற சாலையில், இருட்டுகிற நேரம். இரவில் அந்தச் சாலையில் வண்டி விடமாட்டார்கள் என்பதால் கீழிருந்து ரெக்கவரி வண்டி வருவதற்குள் சோதனைச்சாவடி மூடிவிடுமோ என்று ஒவ்வொரு நிமிடமும் நெஞ்சு அடித்துக்கொண்டது. பின்னால் வந்த காய்கறி வண்டிக்காரர் ஒருவர் நிறுத்தி, குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஆசனூரில் இறக்கிவிட்டார். அம்மாவுக்கு 71 வயது. அவரை அந்த வண்டியின் முன் சீட்டில் தூக்கி உட்கார வைத்தபோது எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதவில்லை. ரெக்கவரிக்கு மட்டும் 9,500 ரூபாய் ஆனது.

மறுநாளே உங்களுக்குப் போன் செய்தேன். "வண்டியைக் கொண்டுவாங்க, பாத்துச் சொல்றோம்" என்றார்கள், ஆனால் கோவை வரை இழுத்துவரும் செலவு என்னுடையது என்றார்கள். போட்டோ, வீடியோ எல்லாம் அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து அக்டோபர் 13 அன்று வாட்ஸ்அப்பில் இரண்டு வரி வந்தது: ஆயில் குறைவாக வைத்து ஓட்டியதால் ஏற்பட்ட சேதம், வாரண்டி பொருந்தாது. வண்டியைப் பார்க்காமலேயே இதை எப்படிச் சொல்ல முடிந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

ஆயில் குறைவாக இல்லை. ஆயிரம் கிலோமீட்டரிலும் ஐயாயிரம் கிலோமீட்டரிலும் ஆயில், பில்டர் மாற்றியது உங்கள் பட்டறையில்தான், இரண்டுக்கும் அட்டையில் உங்கள் முத்திரை இருக்கிறது. சத்தியில் ஒரு லேத் பட்டறையில் இன்ஜினை இறக்கியபோது, இரண்டு சாட்சிகள் முன்னால் சம்ப் ஆயிலை அளவுக் குடுவையில் வடித்தோம். ஆறு லிட்டர் பிடிக்கும் சம்ப்பில் ஐந்தே முக்கால் லிட்டருக்கு மேல் இருந்தது. வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன். அந்த ஆயிலை வெயிலில் பிடித்துப் பார்த்தால் ஜரிகைப் பொடி தூவியது போல மின்னுகிறது. பேரிங் ஷெல்களில் (ராடுக்கும் கிராங்குக்கும் இடையிலுள்ள வளைந்த தகடுகளில்) மேல் பூச்சு முழுவதும் தேய்ந்து அடியிலுள்ள செம்பு நிறம் தெரிகிறது, மூன்றாவது ராடில் ஷெல் தன் இடத்திலிருந்து சுழன்றே போயிருக்கிறது.

அடுத்து சொல்லப்போவதைத் தாங்களே நேரில் வந்து பார்க்க வேண்டும். உங்கள் எஸ்டிமேட்டில் 'ஆயில் கூலர் – புதிது – 11,400' என்று, ஆயிலைக் குளிர்விக்கும் பாகத்துக்குத் தனி வரி இருக்கிறது. லேத்தில் கழற்றிய ஆயில் கூலரின் கிளாம்பில் ஒரு செம்புக் கம்பி முறுக்கிக் கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. 2019-இல் அந்தக் கிளாம்ப் தளர்ந்து அதிர்ந்தபோது, தோட்டத்து மோட்டார் வயரிலிருந்து ஒரு இழையை எடுத்து நான் என் கையால் முறுக்கிக் கட்டியது. நான் முறுக்கினால் எப்போதும் இடப்பக்கமாகத்தான் முறுக்குவேன், முனையை உள்ளே மடித்துவிடுவேன். அப்படியே இருந்தது. ஆக, பழைய இன்ஜினோடு இருந்த பழைய கூலரைத்தான் மேலே துடைத்து மறுபடி மாட்டியிருக்கிறீர்கள்.

ஒரு இன்ஜினில் பேரிங் உடைந்து ராடு வெளியே வந்தால், அந்த இரும்புப் பொடி ஆயில் போகிற இடமெல்லாம் போய் உட்காரும். கூலருக்குள் இருக்கும் மெல்லிய தகட்டு இடுக்குகளில் புகுந்தால் டீசல் ஊற்றிக் குலுக்கினாலும் முழுவதும் வராது. அதனால்தான் அப்படிப்பட்ட பழுதுக்குப் பிறகு கூலரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டுவார்கள். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவுக்குப் போகிற ஆயில் பைப்பையும் மாற்றுவார்கள், ஏனென்றால் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற டர்போவுக்கு அந்த ஆயில் படலம்தான் உயிர். பில்டர் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். தாளவாடியில் விடியற்காலைக் குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் கெட்டியாக இருக்கும், பில்டரின் பைபாஸ் வால்வு திறந்துகொள்ளும், வடிகட்டாத ஆயில் நேராகப் பேரிங்குக்குப் போகும். நான்கு மாதம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக என் பழைய இன்ஜினின் பொடியே புது பேரிங்கை அரைத்துத் தின்றிருக்கிறது. இதை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. உங்கள் தொழில் இதுதான்.

அடுத்தது ஆவணம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவுப்படி இன்ஜின் மாற்றினால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். அதற்கு அந்த இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது, யார் விற்றது என்பதற்கான பில் வேண்டும். வண்டி எடுத்த அன்றே கேட்டேன். "ரெண்டு நாள்ல வாட்ஸ்அப்ல போட்டுர்றோம்" என்றீர்கள். ஆறு மாதம் ஆகப்போகிறது. நீங்கள் கொடுத்த பில்லில் 'இன்ஜின் வேலை' என்ற ஒரே வரிக்கு மேல் எதுவும் இல்லை. துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்த இன்ஜின் நம்பரும், லேத்தில் பிளாக்கைக் கழுவிப் பார்த்தபோது கண்ட நம்பரும் கடைசி மூன்று எண்களில் வேறுபடுகின்றன. என் வண்டிக்கு 2026 ஆகஸ்டில் 15 வருடம் முடிகிறது, ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். ஆய்வாளர் பென்சில் தேய்த்து நம்பர் எடுக்கும்போது நான் என்ன பதில் சொல்வேன்? இது ஒருவேளை திருட்டு வண்டியின் இன்ஜினாக இருந்தால் போலீஸ் என் வீட்டுக்குத்தான் வரும். அதற்கு முன் ஒரு விபத்து நடந்தால், நம்பர் பொருந்தவில்லை என்று இன்சூரன்ஸ்காரர்கள் கை விரித்தாலும் நான் வாதாட முடியாது. அப்படியொரு வண்டியில் நான்கு மாதம் என் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன்.

நான் கேட்பது இதுதான். அந்த இன்ஜின் எங்கிருந்து வந்தது என்பதற்கான பில்லை உடனே தர வேண்டும், இதற்கு நான் ஒரு நாள்கூடக் காத்திருக்க விரும்பவில்லை. அதன் பிறகு, முறையான ஆவணமுள்ள வேறு இன்ஜினை, உண்மையிலேயே புதிய ஆயில் கூலரோடும் சோதித்த டர்போவோடும், உங்கள் செலவில் மாற்றிக் கொடுங்கள். ஓட்டம் விடுவதற்கு முன் சூட்டில் ஆயில் பிரஷரை கேஜ் போட்டு என் கண் முன்னால் காட்ட வேண்டும். அது முடியாது என்றால் 1,95,000 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள். இரண்டில் எதுவானாலும் ரெக்கவரி செலவு 9,500, லேத்தில் இன்ஜினை இறக்கிப் பிரித்த கூலி 4,000, தேவையில்லாமல் மாற்றிய சென்சாருக்கு 850, ஆக 14,350 ரூபாய் சேர்த்துத் தர வேண்டும். இந்தச் செலவு போக, வண்டியில்லாத ஏழு வாரமாக வாடகை வண்டி பிடித்து நாற்று ஏற்றியதை நான் இதில் சேர்க்கவில்லை.

இக்கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்துப்பூர்வமாகப் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். நான் வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது, ஐந்து லட்சத்துக்குள் உள்ள வழக்குக்குக் கட்டணமும் இல்லை. கோர்ட்டு வாசலுக்குப் போக எனக்கு ஆசையில்லை. வேலை தெரிந்தவர்கள் என்று நம்பித்தான் உங்களிடம் வந்தேன், இரண்டு உறவினர்களையும் அனுப்பினேன்.

பேரிங் ஷெல்கள், ஆயில் கூலர், அந்தச் செம்புக் கம்பி, ஒரு பாட்டிலில் வடித்த ஆயில், எல்லாவற்றையும் லேத் பட்டறையிலேயே துணியில் சுற்றிப் பூட்டி வைத்திருக்கிறோம். ஞாயிறு தவிர எந்த நாளும் காலை ஒன்பது மணிக்கு மேல் உங்கள் மெக்கானிக்கை அனுப்பிப் பார்க்கலாம். முதல் நாள் போன் செய்தால் நானும் வந்து நிற்கிறேன்.

இணைப்பு: வாரண்டி அட்டை, எஸ்டிமேட், பில், இன்ஜின் நம்பர் எழுதிய துண்டுச் சீட்டு, ரெக்கவரி ரசீது, லேத் ரசீது ஆகியவற்றின் நகல்கள். படங்களும் வீடியோவும் தங்கள் வாட்ஸ்அப் எண்ணுக்கு மீண்டும் அனுப்பியுள்ளேன்.

இப்படிக்கு,
வண்டி உரிமையாளர்,
சத்தியமங்கலம்.