வாசிகசாலைச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

நிர்வாகக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. மழையால் ஒன்று மட்டும் தள்ளிப்போனது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கூரை ஒழுக்கு இன்னும் தீரவில்லை, அதையும் அவரிடமே கேளுங்கள்.

நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புவது வெள்ளிக்கிழமை வாசகர் வட்டத்தைப் பற்றி. உயர்தரம் படிக்கும் பிள்ளை ஒருத்தி, ஆங்கிலக் கதையொன்றில் ‘செரூட்’ என்ற சொல்லைக் கண்டு பொருள் கேட்டு வந்தாள். எங்கள் அகராதியில் அந்தப் பக்கங்களைக் கறையான் தின்றுவிட்டது. கைபேசியில் தேடினால், இரு முனையும் வெட்டிய சுருட்டு, மூலம் தமிழ் என்று வந்தது. பிள்ளைக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அப்புறம் மூன்று கிழமை அந்த ஒரு சொல்லோடேயே போயின. யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹொப்சன்-ஜொப்சன் அகராதி, ‘சுருட்டு’ என்ற தமிழ்ச் சொல்லையே மூலமாகக் காட்டுகிறது. அதற்கு இருநூறு ஆண்டுகள் முன்பே, தாமஸ் பௌரி என்ற ஆங்கிலேய வணிகர், வங்கக் கடலோரத்து ஏழைகள் இலையை உருட்டி ஒரு நுனியில் நெருப்பு வைத்துக் குடிப்பதையும், போர்த்துக்கேயர் அதைச் ‘செரூட்டா’ என்பதையும் எழுதிவைத்திருக்கிறார். பயிர் அமெரிக்காவிலிருந்து வந்தது, பெயர் மட்டும் எங்களுடையது. அதுவும் ‘சுருட்டு’ என்று ஏவினால் வேலை, எடுத்துக் கையில் கொடுத்தால் பொருள்! சிகாரின் வாய்ப்பக்கம் மூடியிருக்கும், வெட்டித்தான் குடிக்க வேண்டும். செரூட்டுக்கு அந்த வில்லங்கம் இல்லை.

முன்பு சுருட்டுக் கொட்டிலில் வேலைசெய்த ஐயா ஒருவரையும் அழைத்தோம். புகையிலையைப் பொச்சுமட்டைப் புகை போட்டுப் பதப்படுத்துவது, தெற்கே சிங்கள ஊர்களில் எங்கள் ஆட்கள் வைத்திருந்த சுருட்டுக் கடைகள் என்று கதை நீண்டது. கொட்டிலில் ஒருவர் பேப்பர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டபடியே சுருட்டுவார்களாம். “வாசிகசாலைக்கு வராமலே பேப்பர் படிச்ச ஆக்கள் நாங்கள், தம்பி” என்றார். எனக்குப் பதில் வரவில்லை. ஒன்றைச் சுருட்டியும் காட்டினார். பற்றவைக்கவில்லை, ‘புகைத்தல் தடை’ப் பலகை அவர் தலைக்கு நேர் மேலே தொங்கியது.

சரி, சபையிடம் கேட்பது இரண்டு: புதிய ஆங்கில அகராதி ஒன்று, அதை வைக்க இரும்பு அலுமாரி ஒன்று. மர அலுமாரி வேண்டாம்.