பூச்சு உதிர்ந்த ஸ்டெம்மும் அதே லாட் நம்பரும்

அனுப்புநர்: நோயாளியின் மகன், அம்பத்தூர், சென்னை.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: இடுப்பு மூட்டு ஸ்டெம்மில் கால்சியம் பாஸ்பேட் பூச்சு பெயர்ந்தது தொடர்பாக.

ஐயா,

சென்ற மாதம் 14-ம் தேதி என் அம்மாவுக்கு (வயது 61) வலது இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்தது. சிமென்ட் வைக்காமல் பொருத்தும் வகை. தொடை எலும்புக்குள் இறங்கும் டைட்டானியம் ஸ்டெம் உங்கள் தயாரிப்பு.

எலும்பில் வழி தயார் செய்துவிட்டு உள் கவரைப் பிரித்தால், ஸ்டெம்மின் மேல்பகுதியில் சுண்டுவிரல் நகம் அளவுக்குப் பூச்சு பெயர்ந்து சாம்பல் நிற உலோகம் தெரிந்திருக்கிறது. கவரின் அடியில் கோலமாவு சிந்தியதுபோல வெள்ளைத் தூள். டாக்டர் அதை ஒதுக்கிவிட்டார். அந்த சைஸில் வேறு ஸ்டெம் அங்கே இல்லை. கிண்டியில் உள்ள உங்கள் டீலரின் குடோனிலிருந்து பைக்கில் வந்து சேர 50 நிமிடம் ஆனது. முதுகில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்திருந்தார்களே தவிர, அம்மாவுக்கு நினைவு இருந்தது. “சாமான் சரியில்ல, வேற வரணும்னு பேசிக்கிட்டாங்கப்பா. நான் முருகா முருகான்னு கிடந்தேன்” என்று மறுநாள் சொன்னார்.

உங்கள் ஆபீஸிலிருந்து வந்த பதிலில் இது வெறும் “தோற்றக் குறை” என்று இருக்கிறது. கவர் பிரித்துவிட்டதால் திரும்ப எடுக்க மாட்டோம் என்று இரண்டு ஸ்டெம்முக்கும் பில் போட்டிருக்கிறீர்கள்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் 22 வருடமாக பவுடர் கோட்டிங் வேலையில் இருக்கிறேன். பூச்சு உரிந்த பீஸை கஸ்டமர் திருப்பி அனுப்பினால், அது பார்வைக்கு மட்டும்தான் என்று நாங்கள் சொன்னதில்லை. நாங்கள் பூசுவது கேட்டுக்கும் கிரில்லுக்கும். நீங்கள் பூசியது எலும்பு பிடித்துக்கொள்வதற்காக. அந்தப் பூச்சில் உள்ள ஹைட்ராக்சிஅபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட், எலும்பில் உள்ள தாதுவைப் போன்ற பொருள், அதனால்தான் எலும்பு அதை ஒட்டி வளர்கிறது, சிமென்ட் தேவையில்லை என்று டாக்டர் விளக்கினார். அந்தப் பூச்சுக்காகத்தான் கூடுதல் விலை கொடுத்தோம். உதிர்ந்த துகள் மூட்டின் பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே போய்ச் சேர்ந்தால் மணல்போல அரைத்துத் தேய்க்கும் என்றும் அவரே சொன்னார்.

ஐஎஸ்ஓ 13779-2 தரத்தில் இந்தப் பூச்சின் ஒட்டுவலிமைக்கு 15 மெகாபாஸ்கல் கேட்கிறார்கள். அதாவது, ஒரு சதுர சென்டிமீட்டரைச் சுமார் 150 கிலோ விசையில் இழுத்தாலும் தாங்க வேண்டும். அப்படிப்பட்ட பூச்சு பெட்டிக்குள் இருந்தபடியே எப்படி உதிரும்? பொடியை அதிக சூட்டில் உருக்கித் தெளிக்கும் பிளாஸ்மா ஸ்ப்ரேயில் சூடு எல்லை மீறினால் ஹைட்ராக்சிஅபடைட் சிதைந்து, சீக்கிரம் கரையும் வேறு பாஸ்பேட்டுகளாக மாறிவிடும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அடியில் உலோகத்தைச் சரியாகச் சொரசொரப்பாக்காவிட்டாலும் பிடிக்காது, அது எங்கள் தொழிலிலும் அப்படித்தான். எது தவறியது என்று எனக்குச் சொல்லுங்கள்.

பணத்தைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. டிஸ்சார்ஜ் ஃபைலில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்தேன். இரண்டாவதாக வந்து, இப்போது அம்மாவின் காலில் இருக்கும் ஸ்டெம்மும் அதே லாட் நம்பர், அதாவது ஒரே தொகுதியில் தயாரானது. கவருக்குள்ளேயே ஒன்று பெயர்ந்திருக்கிறது. எலும்புக்குள் சுத்தியலால் அடித்து இறக்கிய இன்னொன்றின் கதி என்ன? அம்மா வாக்கர் பிடித்து நடக்கிறார். ஒவ்வொரு முறை தொடை வலிக்கிறது என்று சொல்லும்போதும் எனக்கு அந்த ஸ்டிக்கர்தான் ஞாபகம் வருகிறது.

அதனால் அந்த லாட்டின் ஒட்டுவலிமை, பூச்சின் கனம், படிகத்தன்மை, கால்சியம்-பாஸ்பரஸ் விகிதம் (1.67 இருக்க வேண்டியது) ஆகிய சோதனை அறிக்கைகளின் நகல் வேண்டும். அதே லாட்டில் மீதமுள்ளவை எந்த மருத்துவமனையில் இருந்தாலும் உடனே நிறுத்தி வையுங்கள், இன்னொரு வீட்டில் இது நடக்கக் கூடாது. அப்புறம், பயன்படுத்தாத ஸ்டெம்மின் தொகையைத் திருப்பித் தாருங்கள். அந்தப் பீஸ் மருத்துவமனை ஸ்டோரில் கவரோடு பத்திரமாக இருக்கிறது. டாக்டர் எடுத்த போட்டோக்களை இத்துடன் இணைத்திருக்கிறேன். எழுத்துமூலம் ரசீது வாங்காமல் உங்கள் ஆளிடம் அதைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

மருத்துவக் கருவிகளால் வரும் பிரச்சினைகளைக் கண்காணிக்கும் மத்திய அரசின் மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டத்தில் டாக்டர் இதைப் பதிவு செய்கிறார். 15 நாளில் பதில் வராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். அம்மாவுக்கு அடுத்த எக்ஸ்ரே ஆறாவது வாரத்தில். அதற்கு முன்பே அந்த அறிக்கைகள் டாக்டர் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

இப்படிக்கு,
நோயாளியின் மகன்