பேரனைக் கூட்டிப் போகாதீர்கள், இன்டர்பிரெட்டரைக் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜி.பி. (குடும்ப டாக்டர்) அப்பாயின்ட்மென்ட் வாங்குவதற்குள் படும் பாட்டைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். காலை எட்டு மணிக்குப் போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருப்பதும், நம் முறை வரும்போது "இன்றைக்கு எல்லாம் முடிந்தது, நாளைக் காலை கூப்பிடுங்கள்" என்று கேட்பதும் இங்கிலாந்தில் யாருக்கும் புதிதில்லை. ஆனால் கட்டுரை அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதோடு நின்றுவிட்டது. உள்ளே போன பிறகு டாக்டரிடம் யார் பேசுகிறார்கள், எதைச் சொல்கிறார்கள், எதை விட்டுவிடுகிறார்கள் என்பதைத் தொடவில்லை. ஆங்கிலம் வராத நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் பெரிய சிக்கலே அங்கேதான் இருக்கிறது. எங்கள் சர்ஜரியின் (அதாவது ஜி.பி. கிளினிக்கின்) நோயாளிகள் குழுவில் நான் இருக்கிறேன். (ஒவ்வொரு சர்ஜரியிலும் இப்படி ஒரு குழு இருக்க வேண்டும் என்பது அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ். ஜி.பி.க்களோடு போடும் ஒப்பந்தத்தின் விதி. நம்மவர்கள் அதில் தலைகாட்டுவது அபூர்வம்.) அங்கே பார்த்ததையும் கேட்டதையும் வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த "நாளைக்குக் கூப்பிடுங்கள்" விஷயம். அதே ஒப்பந்தத்தில் 2023ஆம் ஆண்டு வந்த மாற்றத்துக்குப் பிறகு அப்படிச் சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது. நாம் முதல்முறை தொடர்புகொள்ளும்போதே பிரச்சினையைக் கேட்டு, அப்பாயின்ட்மென்ட் தர வேண்டும், அல்லது எங்கே போக வேண்டும் என்று வழிகாட்ட வேண்டும். 2025 அக்டோபர் 1 முதல் அப்பாயின்ட்மென்ட் கேட்கும் ஆன்லைன் படிவத்தையும் வார நாட்களில் காலை 8 முதல் மாலை 6.30 வரை திறந்து வைக்க வேண்டும். அடுத்து என்ன நடக்கும் என்பதை ஒரு வேலை நாளுக்குள் நமக்குத் தெரிவிக்க வேண்டும். அன்றைக்கே டாக்டரைப் பார்க்கலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. நர்ஸாக இருக்கலாம், போனில் பேசுவதாக இருக்கலாம், அடுத்த வாரமாகவும் இருக்கலாம். ஆனாலும் விதியைச் சொல்லி மரியாதையாகக் கேட்டால் பேச்சு மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, அப்பாயின்ட்மென்ட் கிடைத்துவிட்டது. யார் கூடப் போவது? மகனுக்கு வேலை, மருமகளுக்கும் வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பேரனைக் கூட்டிக்கொண்டு பாட்டி கிளம்புகிறார். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இதுதான் நடந்தது. மாதவிடாய் நின்று பல வருடமான அந்த அம்மாவுக்கு மறுபடி உதிரப்போக்கு. அதைப் பேரன் வாயால் டாக்டரிடம் சொல்ல முடியுமா? முழங்கால் வலி என்று சொல்லி, வலி மாத்திரையோடு திரும்பி வந்துவிட்டார். மாதவிடாய் நின்ற பிறகு வரும் உதிரப்போக்கு கர்ப்பப்பைப் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கலாம். பெரும்பாலும் வேறு காரணம்தான் இருக்கும் என்றாலும், பார்க்காமல் விடக் கூடாத ஒன்று. மகளுக்கு விஷயம் தெரிந்து அவரை மறுபடி கூட்டிப் போவதற்குள் பல வாரங்கள் ஓடிவிட்டன.

பெரிய பிள்ளைகள் பேசினால் மட்டும் சரியாகிவிடுமா என்றால், அதிலும் எனக்குச் சந்தேகம்தான். டாக்டர் "ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம், புற்றுநோய் இருக்கிறதா என்று சந்தேகம்" என்கிறார். மகள் அம்மாவிடம் திரும்பி, "ஒன்றுமில்லை அம்மா, சும்மா ஒரு டெஸ்ட்" என்கிறாள். அன்பினால்தான். ஆனால் அந்த அம்மா டெஸ்டுக்குப் போகாமல் இருந்துவிட்டால் யாரைக் குறை சொல்வது? நோய் யாருடைய உடம்பில் இருக்கிறதோ அவருக்கு அதைப் பற்றி முதலில் தெரிய வேண்டாமா? அப்புறம், கணவனோ மகனோ பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தால் சில பெண்களால் வீட்டில் நடப்பதைச் சொல்லவே முடியாது. இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை.

ஜி.பி.யில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் இலவசம். நம் கையிலிருந்து ஒரு பென்னி கொடுக்க வேண்டாம். பதினாறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்று என்.எச்.எஸ். வழிகாட்டுதலே சொல்கிறது. இதைச் சொன்னால் நம்மவர்கள் முதலில் கேட்பது, "வருகிறவர் நமக்குத் தெரிந்தவராக இருந்துவிட்டால்?" நியாயமான பயம். கோயிலில் பார்க்கிற முகம் ஜி.பி. அறையிலும் வந்து உட்கார்ந்தால் வாய் எப்படித் திறக்கும்? மொழிபெயர்ப்பாளர் கேட்டதை வெளியில் சொல்லக் கூடாது என்பது கட்டாயம். அது போதாது என்று தோன்றினால் போன் வழியாகப் பேசும் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அவர் எந்த ஊரிலோ இருப்பார், முகமும் தெரியாது. பெண்தான் வேண்டும் என்றும் கேட்கலாம். யாழ்ப்பாணத்துப் பெரியவருக்குச் சென்னைத் தமிழ் ஓடினால் பாதி புரியாது என்று தோன்றினால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் கூடப் போகட்டும், கையைப் பிடித்துக்கொண்டு உட்காரட்டும். பேசும் வேலை மட்டும் அவர்களுக்கு வேண்டாம்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் கவனம் வேண்டும். மொழிபெயர்ப்பாளரை அப்பாயின்ட்மென்ட் போடும்போதே கேட்டுவிட வேண்டும். அறைக்குள் போய் உட்கார்ந்த பிறகு கேட்டால், போனில் ஆள் பிடிப்பதற்குள் வழக்கமான பத்து நிமிடம் ஓடிவிடும். எல்லாவற்றையும் இரண்டு முறை பேச வேண்டியிருப்பதால் இரட்டை நேரம் ஒதுக்கச் சொல்லியும் கேளுங்கள். பெரியவரின் பதிவிலேயே "தமிழ், மொழிபெயர்ப்பாளர் தேவை" என்று குறித்து வைக்கச் சொன்னால் ஒவ்வொரு முறையும் கெஞ்ச வேண்டியிருக்காது. "என்ன பிரச்சினை?" என்று ரிசப்ஷனிஸ்ட் கேட்டதும், "அதை டாக்டரிடம்தான் சொல்வேன்" என்று முறைக்க வேண்டாம். யாரிடம் அனுப்புவது, எவ்வளவு அவசரம் என்று பிரிக்கத்தான் கேட்கிறார்கள். அந்தரங்கமான விஷயம் என்றால் "பெர்சனல்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

சர்ஜரிகளை நான் சும்மா விடவில்லை. "ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்" எல்லாம் ஆங்கிலத்தில். ஆன்லைன் படிவம் ஆங்கிலத்தில். மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார் என்ற அறிவிப்பு இருந்தால் அதுவும் ஆங்கிலத்தில்! அதைப் படிக்கத் தெரிந்தவருக்கு மொழிபெயர்ப்பாளர் எதற்கு? எங்கள் குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள், குறித்துக்கொண்டார்கள், அறிவிப்பு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. படிவம் நிரப்ப முடியாதவர் போன் செய்யலாம், நேரில் போயும் கேட்கலாம்; ஆன்லைனில்தான் வர வேண்டும் என்று யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. மொழிபெயர்ப்பாளரைத் தர மறுத்தால் சர்ஜரியை நிர்வகிக்கும் பிராக்டிஸ் மேனேஜருக்கு எழுதுங்கள். சர்ஜரியிடமே புகார் சொல்ல விருப்பமில்லையென்றால், அதற்குப் பதிலாக உங்கள் பகுதி இன்டகிரேட்டட் கேர் போர்டுக்கு (அந்தப் பகுதியின் என்.எச்.எஸ். நிர்வாக அமைப்பு) புகார் செய்யலாம்.

எல்லாவற்றுக்கும் ஜி.பி.தான் என்பதும் இல்லை. தொண்டை வலி, காது வலி, அக்கி போன்ற ஏழு தொந்தரவுகளுக்கு 2024 ஜனவரி 31 முதல் இங்கிலாந்தில் மருந்துக்கடைக்காரரே பார்த்து, தேவையென்றால் மருந்து தரலாம். எந்த வயதினருக்கு என்பது தொந்தரவுக்குத் தொந்தரவு மாறும். சர்ஜரி மூடியிருக்கும் நேரத்தில் 111க்கு (என்.எச்.எஸ். மருத்துவ ஆலோசனை எண்) போன் செய்தாலும் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். நெஞ்சு வலி என்றால் யோசிக்காமல் ஆம்புலன்ஸுக்கு 999.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில், வெட்டி எடுத்துப் பர்ஸில் வைத்துக்கொள்ளும் அளவில், "ஐ நீட் எ தமிழ் இன்டர்பிரெட்டர், ப்ளீஸ்" என்று பெரிய எழுத்தில் தமிழிலும் அதன் கீழே ஆங்கிலத்திலும் போடுங்கள். தமிழில் இருப்பதைப் போனில் படிக்கலாம். ஆங்கிலத்தில் இருப்பதை ரிசப்ஷனில் நீட்டலாம். இரண்டு மூன்று இதழ்களுக்குத் தொடர்ந்து வந்தால் நல்லது, ஏனென்றால் முதல் இதழ் எப்படியும் வடை மடிக்கப் போய்விடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கிழக்கு லண்டன்